மகிழடித்தீவில் ஒரு சாதாரண நாள்

மட்டக்களப்பைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையோடு நின்றுவிடுகிறார்கள். பாசிக்குடாவில் குளிப்பார்கள், கல்லடிப் பாலத்தில் படம் எடுப்பார்கள், ஒல்லாந்தர் கோட்டையையும் வெளிச்சவீட்டையும் பார்ப்பார்கள், ஊருக்குப் போகும்போது காத்தான்குடியில் சாமான் வாங்குவார்கள். வாவியைக் கடந்து மேற்கே போனால் படுவான்கரை. கண்ணுக்கெட்டிய தூரம் வட்டை என்கிற வயல்வெளியும், குளமும், எருமைப் பட்டிகளுமாகக் கிடக்கிற பூமி. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு மட்டும் எழுவான்கரைச் சனம் அள்ளுப்பட்டுப் போகும். மற்ற நாட்களில் அங்கே வேலை இருக்கிறவர்கள்தான் போவார்கள்.

நான் போனது படுவான்கரையில் மகிழடித்தீவு நினைவுத்தூபியைப் பார்க்க. 1987இலும் 1991இலும் அங்கே கொல்லப்பட்டவர்களுக்காக எழுப்பியது. நினைவு நாள் எதுவும் இல்லாத, பெப்ரவரி மாதத்து ஒரு சாதாரண சனிக்கிழமை. வேண்டுமென்றேதான் அப்படி ஒரு நாளைத் தெரிந்தெடுத்தேன். நினைவு நாட்களில் விளக்கேற்றுகிறவர்களும் பேசுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் இருப்பார்கள். அந்த இடம் வருடத்தின் மற்ற நாட்களில் எப்படி இருக்கிறது, ஊர் அதனோடு எப்படி வாழ்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

காத்தான்குடி நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "நானும் வாறன் மச்சான். ஆனா முதல்ல எங்கட பள்ளிக்குள்ள போயிட்டுப் போவம்" என்றான். வழியும் அதுதான். மட்டக்களப்பு நகரத்திலிருந்து கல்முனை வீதியில் கல்லடி தாண்டினால் காத்தான்குடி; வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள். அந்த வீதியால் எத்தனையோ வருடங்களாகப் போய் வருகிறேன். மீரா ஜும்ஆ பள்ளிவாசலுக்குள் நான் காலடி வைத்தது அன்றுதான்.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. இஷா என்கிற இரவுத் தொழுகையில் நின்றவர்கள் மீது மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கும் அதிகம். அதில் தகப்பன்மாரோடு தொழ வந்த சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். சுட்டவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், விடுதலைப் புலிகள். இந்த வசனத்தைத் தமிழர்களாகிய நாங்கள் மெதுவாக, அல்லது 'ஆனால்' போட்டு, அல்லது சொல்லாமலே கடந்து போகப் பழகியிருக்கிறோம். அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது 'ஆனால்' வராது. குண்டு துளைத்த இடங்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நண்பன் ஒரு துளையில் விரலை வைத்துக் காட்டினான். என் இடுப்புயரம்கூட இல்லை. ஸுஜூதில், நெற்றி நிலத்தில் படக் குனிந்து இருந்தவர்கள் மீது சுட்டது அது.

அவனுடைய மாமா, உம்மாவின் தம்பி, அங்கேதான் கொல்லப்பட்டு ஷஹீதானார். "எனக்கு அவர்ர முகம் ஞாபகமில்ல மச்சான். சைக்கிள் ஞாபகம். முன் பாரில என்ன வெச்சி ஓடுவாரு" என்றான். பிறகு பள்ளி முற்றத்தில் நின்று வேறு விஷயம் பேசினோம். நான் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

1990 ஆம் ஆண்டின் அந்த நான்கு மாதங்களை வரிசையாகச் சொன்னால்தான் இந்த மாவட்டம் விளங்கும். ஜூன் 11இல் போர் மறுபடி தொடங்கியது. கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் திருக்கோவில் பக்கம் றூபஸ்குளத்துக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3 காத்தான்குடி. பத்து நாளைக்குள் ஏறாவூர் முஸ்லிம் குடியிருப்புகளில் படுகொலை. அதே நாட்களில் அம்பாறையின் வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது, அவர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9 இரவு சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் 184 பேர் கொல்லப்பட்டார்கள், கைக்குழந்தைகள் உட்பட. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தூபி அல்லது ஒரு சுவர். ஆனால் ஒரு ஊர்க்காரர் அடுத்த ஊரின் தூபியைப் பார்த்திருப்பது அபூர்வம். இருபது நிமிடத் தூரத்தில் இருந்துகொண்டு பார்த்திருக்க மாட்டார்கள். நானும் பார்த்திருக்கவில்லை, நண்பனும் பார்த்திருக்கவில்லை. எங்கள் இருவரின் பயணமும் அதற்காகத்தான் என்று எனக்குப் பள்ளியை விட்டு வெளிக்கிடும்போதுதான் தெளிவானது.

சரி, வீதிக்கு வருவோம். ஆரையம்பதி தாண்டியதும் மண்முனைத் துறைக்குத் திரும்பும் வீதி. இன்றைக்கு அங்கே நல்ல பாலம். ஜப்பான் உதவியில் கட்டி 2014இல் திறந்தது. அதற்கு முன்னர் 'பாதை' என்கிற மிதவைதான். மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நோயாளி என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடி அக்கரைக்குப் போகும். தவறவிட்டால் துறையில் காவல். போர்க்காலத்தில் இந்தத் துறை இரண்டு நாடுகளின் எல்லை மாதிரி இருந்தது: இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் இயக்கம், அதாவது புலிகள். பற்றரி, சீமெந்து, யூரியா எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் அக்கரைக்கு விடுவார்கள். வயலுக்கு யூரியா இல்லாமல் விவசாயம் செய்த காலத்தைப் படுவான்கரை வயதானவர்கள் இப்போதும் சொல்வார்கள். 2007 மார்ச்சில் ஷெல் விழத் தொடங்கியபோது அந்தச் சனம் முழுவதும் வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு ஓடி வந்தது.

பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றோம். தோணியில் ஒருவர் வீச்சு வலை எறிந்துகொண்டிருந்தார். கரையோரம் கண்டல் மரங்கள், அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் பொன் நிறத்தில் வயல். மாரி வெள்ளாண்மை அறுவடை நடக்கிற நேரம். அக்கரையில் இறங்கியதுமே வீதியில் ஒரு பாதி நெல்லுக்குச் சொந்தமாகிவிட்டது. தாரின் மேல் படங்கு விரித்துக் காயவைத்திருந்தார்கள். வெட்டு மெசின் ஒன்று எதிரே வர, நாங்கள் நெல்லில் ஏறாமலும் மெசினில் முட்டாமலும் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது.

மகிழடித்தீவு தூபி திறந்த வெளியில், வீதியோரமாக நிற்கிறது. அதற்கு வேலைக்காரரோ காவலாளியோ கிடையாது. ஜனவரி 28 அன்று போட்ட மாலைகள் வெயிலில் காய்ந்து நூலும் சருகுமாகத் தொங்கின. அடியில் உருகி இறுகிய மெழுகு, கறுத்த சிட்டிகள். அக்கம்பக்கம் கூட்டியிருந்தது, புல்லும் அண்மையில்தான் செருக்கியிருக்க வேண்டும். பக்கத்து வீதியால் நெல் மூட்டை ஏற்றிய உழவு மெசின்கள் போய்க்கொண்டிருந்தன. பிரத்தியேக வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். ஒருத்தி சைக்கிளை ஓட்டியபடியே தூபிப் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனாள், கோயிலைக் கடக்கும்போது செய்வது போல.

இந்த ஒரு இடத்தில் இரண்டு படுகொலைகள் நினைவுகூரப்படுகின்றன.

முதலாவது 1987 ஜனவரி கடைசியில். வாவியோரத்தில் இறால் பண்ணை ஒன்று வெளிநாட்டு முதலீட்டோடு நடந்துகொண்டிருந்தது. ஊர் இளைஞர்கள் நிறையப் பேருக்கு அங்கே வேலை. வயலும் மீனும் தவிர மாதச் சம்பளமும் ஊருக்குள் வந்தது. விசேட அதிரடிப்படை சுற்றிவளைத்தபோது பண்ணைக்குள் இருந்தால் பத்திரம் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். பண்ணைத் தொழிலாளர்களும் ஊர்ச் சனமும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாவது 1991 ஜூன் 12. உழவு இயந்திரத்தில் போன இராணுவத்தினர் கண்ணிவெடியில் சிக்கி இருவர் இறந்தார்கள். அதன் பிறகு இராணுவம் மகிழடித்தீவுக்குள்ளும் முதலைக்குடாவுக்குள்ளும் இறங்கியது. வெடிச்சத்தம் கேட்டதும் நெல் ஆலை ஒன்றுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் இருந்தார்கள். கல்லால் கட்டிய கட்டிடம், குண்டு துளைக்காது என்று நினைத்திருப்பார்கள். அங்கேயே கொன்றார்கள். உடல்களை எரித்தார்கள்.

ஜனாதிபதி பிரேமதாச விசாரணை ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். ஊரவர்கள் போய்ச் சாட்சி சொன்னார்கள். இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இராணுவத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வது என்றால் என்ன என்பதை இன்றைக்கு இருந்து யோசித்துப் பார்த்தாலும் உடம்பு கூசுகிறது. ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாக ஏற்றுக்கொண்டது. ஊர் சொல்கிற கணக்கு 152. கட்டளை அதிகாரியும் 19 படையினரும் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. 1992இல் இராணுவ நீதிமன்றம் அந்த 19 பேரையும் விடுவித்தது. அதிகாரி தன் ஆட்களைக் கட்டுப்படுத்தத் தவறினார், உடல்களை முறைகேடாக அப்புறப்படுத்தினார் என்று தீர்ப்பாகி, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கொலைக்கென்று ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 67க்கும் 152க்கும் இடையில் இருக்கிற 85 பேர் எங்கள் அரசாங்கக் கடதாசியில் சாகவே இல்லை.

நாங்கள் தூபியடியில் நிற்பதை வீதிக்கு மறுபுறம் நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எழுபது வயதிருக்கும். கடைசியில் அவரே கூப்பிட்டார். "எங்கால வாறீங்க மனெ? பேப்பர்காரங்களா?"

இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். அவருக்கு அது நம்பக் கஷ்டமாக இருந்தது. "ஜனவரியிலயும் ஜூனிலயும் ஆக்கள் வருவாங்க. சும்மா நாளையில ஒருத்தரும் வாறல்ல" என்றார். பிறகு நெல் கிளறுகிற கால்களை நிறுத்தாமலே சொல்லத் தொடங்கினார். அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. வளவு வளவாகக் கையை நீட்டினார். அந்தத் தென்னந்தோட்டத்து வளவில் தகப்பனும் மகனும். இந்த மதில் வீட்டில் கலியாணம் பேசி முடித்திருந்த பெடியன். அங்கால தகரக் கூரை தெரிகிற இடத்தில் ஒரு தாயும் இடுப்பில் இருந்த பிள்ளையும். சில வளவுகளில் இப்போது வேறு ஆட்கள் வீடு கட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கு யார் என்றும் தெரியாது என்றார். அவர் அன்று கண்டலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தவர். மூன்று வயது மகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாராம், இருட்டும்வரை. "அவள் இப்ப கல்முனையில டீச்சர்" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

நண்பனைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"காத்தான்குடி, உம்மா."

அம்மா கால்களை நிறுத்தினார். "புடவைக்காரர்ர ஆக்களா?" என்று கேட்டார். 1990க்கு முன்னர் காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணி கட்டி வருகிறவர்கள் படுவான்கரை முழுவதும் சுற்றுவார்கள். கடனுக்குக் கொடுத்துவிட்டு அறுவடைக்கு நெல்லாக வாங்கிக்கொள்வார்கள். மதியம் எந்த வீட்டில் இருக்கிறார்களோ அந்த வீட்டில் வெற்றிலையும் தேத்தண்ணியும். நண்பன் தன் மூத்தப்பா அந்தத் தொழில் செய்தவர் என்றான். எந்தப் பக்கம் போவார் என்று கேட்டார் அம்மா. அம்பிளாந்துறை, அரசடித்தீவு என்றான். பேர் கேட்டார். சொன்னான். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன், நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பேச்சு அவர்கள் இருவருக்கும் இடையில்தான் நடந்தது. என்ன சீலை அப்போது என்ன விலை, கைத்தறிச் சாரன் எப்படி இருந்தது என்று. நான் படங்கின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து தந்தார்.

பள்ளிவாசலில் நடந்ததைப் பற்றி அம்மா ஒரு வசனம்தான் சொன்னார்: "தொழுதுக்கு நின்டவங்கள சுட்டது பெரிய பாவம் மனெ." நண்பன் தலையை மட்டும் ஆட்டினான். வெளிக்கிடும் முன் அவன் தூபிக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் ஏந்தி நின்று துஆக் கேட்டான். நான் காய்ந்த மாலைகளைக் கழற்றி ஒரு பக்கமாக வைத்தேன். அம்மா வளவுக்குள்ளிருந்து செவ்வரத்தம் பூக் கொஞ்சம் பிடுங்கித் தந்தார்.

அம்பாறை மாவட்டத்து அரந்தலாவைக்கும் நான் போயிருக்கிறேன். 1987 ஜூன் 2, புலிகள் ஒரு பஸ்ஸை மறித்து 33 பௌத்த பிக்குகளைக் கொன்ற இடம். பெரும்பாலானவர்கள் சாமணேரர்கள், பிள்ளைகள். அந்த பஸ்ஸையே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே சிலைகள், வெட்டுக் காயங்களோடு. பார்த்துவிட்டு வெளியே வந்து அரை மணித்தியாலம் ஒன்றும் பேச முடியவில்லை. அந்த இடம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதே மாவட்டத்தில் உடும்பன்குளம் இருக்கிறது. 1986 பெப்ரவரியில், இதே போன்ற அறுவடை நாட்களில், வயலில் நின்ற தமிழ் விவசாயிகள் கொல்லப்பட்ட ஊர். அரந்தலாவைக்கு வருகிற பஸ் உடும்பன்குளத்துக்கும் போக வேண்டும், மகிழடித்தீவுக்கும் வர வேண்டும், காத்தான்குடிப் பள்ளிக்குள்ளும் அந்தப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். எங்கள் பிள்ளைகள் அரந்தலாவையைப் பார்க்க வேண்டும். இதை அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை; ஒரு வாத்தியாரும் ஒரு வாடகை பஸ்ஸும் இருந்தால் போதும்.

திரும்பும் முன் கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல் நந்தி, போர்த்துக்கேயன் முன்னால் எழுந்து புல் தின்றதாகச் சொல்வார்கள். நண்பன் அந்தக் கதையை மிகவும் ரசித்தான். கடைத்தெருவில் எருமைத் தயிர் வாங்கினோம். மேற்கே மாவடிமுன்மாரி துயிலுமில்லம், போரில் இறந்த புலிகளைப் புதைத்த மயானம், இருக்கிறது; கல்லறைகள் இடிக்கப்பட்ட வெளியில் நவம்பர் 27இல் தாய்மார் வந்து விளக்கேற்றுகிற இடம். வெயில் ஏறிவிட்டதால் அன்றைக்கு அங்கே போகவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். மட்டக்களப்பு நகரத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்கு பஸ் இருக்கிறது. சொந்த வாகனம் என்றால் மண்முனைப் பாலம் வழியாகப் போய், வவுணதீவு – வலையிறவுப் பாலம் வழியாகத் திரும்பினால் படுவான்கரையை நன்றாகப் பார்க்கலாம். பெப்ரவரி, மார்ச்சில் வீதியில் நெல் காயும், மெதுவாக ஓட்டுங்கள். காத்தான்குடிப் பள்ளிக்குத் தொழுகை நேரம் தவிர்த்துப் போய், நிர்வாகத்தவரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். மகிழடித்தீவில் யாராவது பேச வந்தால் கமராவை உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். பூக் கொண்டு போனால் நல்லது. அங்கே கடையில் கிடைக்காது.

அடுத்ததாக நானும் நண்பனும் சத்துருக்கொண்டானுக்கும் ஏறாவூருக்கும் ஒரே நாளில் போவதாக முடிவு செய்திருக்கிறோம். இரண்டும் நகரத்திலிருந்து வடக்கே போகிற அதே வீதியில்தான். ஏறாவூரில் அவனுடைய மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சேர்ந்து வர விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.